மச்சாண்டார் வைத்த பாக்கெட்

உக்காருங்க, உக்காருங்க, இந்த மூட்டைய நான் மடியில வெச்சுக்கறேன். ஈரோடுதானுங்களே? நானும் அங்கதான். செவ்வாக்கெழமைன்னா இந்த பஸ்ஸுல ஒத்தக் கால் ஊனறதுக்கே எடம் இருக்காது, உங்களுக்கு சீட்டே கெடைச்சுது பாருங்க, மொகராசி. அதென்னங்க, ஒரு கையில போனு, ஒரு கையில பர்சு, டிக்கெட்ட வாயில கடிச்சுட்டு வர்றீங்க? சுடிதாருக்குப் பாக்கெட் இல்லீங்களா? இல்லையா. நெனச்சேன். தச்சது எவனோ ஆம்பளையாத்தான் இருக்கும். சிரிக்காதீங்க, இந்தப் பாக்கெட்டுல எங்க குடும்பமே உழுந்து எந்திரிச்சுதுங்க. ஈரோடு போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

கவுந்தப்பாடியில எங்களுக்கு நைட்டி தைக்கற கம்பெனிங்க. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. வூட்டுக்குப் பின்னால தகரஞ் சாத்துன ஒரு கொட்டாய், உள்ள நாலஞ்சு மிசினு, தைக்கறவங்க எல்லாம் ஆம்பளைங்க. முதலாளி என்ற மச்சாண்டாருங்க, வூட்டுக்காரருக்கு மூத்தவரு. நாச்சிமுத்துன்னு பேரு. நான் சொல்லக்கூடாது, பஸ்ஸுல சொன்னாத் தப்பில்ல.

எங்க பக்கம் மச்சாண்டாருகூட நேருக்கு நேரா நின்னு பேசற பழக்கம் இல்லீங்க. அவரு உள்ள வந்தா நான் அடுப்படிக்குப் போயிருவேன், நான் வெளிய வந்தா அவரு தெருவுக்குப் போயிருவாரு. கண்ணாலமாகி வந்ததுல இருந்து என்னைப் பாத்து ஒரு வார்த்த பேசினதில்ல. எல்லா வூட்டுலயும் இருக்கற வழக்கந்தான், ஆனா மத்த வூட்டுல ஒரு கொழந்த பொறந்து எந்திரிச்சு நடக்கறதுக்குள்ள அது தேஞ்சு போயிருமுங்க. எங்க வூட்டுல தேயல. திமிரு. வேற என்னத்தச் சொல்றது.

அவரு கண்ணாலமும் பண்ணிக்கல. பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு காப்பி கொண்டாந்து குடுத்திருக்குது, இவரு தலையத் தூக்கவே இல்லையாம். வெளிய வந்ததும் பொண்ணு எப்பிடிடான்னு கேட்டிருக்காங்க. காப்பி நல்லாருந்துச்சுன்னாராம். எத்தன திமிரு இருந்தா ஒரு மனுசன் அப்பிடிச் சொல்லுவான், நீங்களே சொல்லுங்க.

அப்பொறம் வூட்டுல எப்பிடிங்க பேச்சு வார்த்தைன்னு கேப்பீங்க. செவுத்துகிட்டப் பேசறதுதான். சோறு ஆறிப் போவுதுன்னு செவுத்தப் பாத்துச் சொல்லுவேன், அவரு வந்து உக்காந்து நாலே வாயில அள்ளிப் போட்டுட்டு எந்திரிச்சிருவாரு. ருசி பாக்கற சாப்பாடா அது? நான் பசியோட இருப்பனேன்னு சீக்கிரமா எந்திரிச்சர்றாருன்னு என்ற வூட்டுக்காரரு சப்பக்கட்டுக் கட்டுவாரு. அண்ணனும் தம்பியும் ஒரே ரத்தமுங்களே. ஒருக்கா கிரைண்டர் சுச்சுல கைய வெச்சா சுரீர்னு அடிக்குதுன்னு செவுத்துகிட்டச் சொன்னேன், மக்யா நாள் காலையிலயே எலக்ட்ரீசன் வந்து நிக்கறாரு. வேகாளத்துப் புழுக்கத்துக்குப் பின்கட்டுல ஒரு காத்தாடி இருந்தாத் தேவலைன்னேன், கொட்டாயில இருந்த நல்ல காத்தாடி கழண்டு அடுப்படிக்கு வந்துருச்சு. செவுத்துக்குக் காது இருக்குதுன்னு பெரியவங்க சும்மா சொல்லலீங்க. அந்த மனுசனுக்குத்தான் இல்ல.

நைட்டி தைக்கற முதலாளி, நைட்டி போட்ட பொம்பளையக் கண்டா அக்கட்டால திரும்பிக்குவாருங்க. பக்கத்து வூட்டம்மா நைட்டி மேல துண்டப் போட்டுட்டு ஒறை மோருக்கு வரும், இவரு ஆகாசத்துல மேகம் பாக்க ஆரம்பிச்சிருவாரு. நல்லா வெயிலடிக்கும், இவரு மழை வருதான்னு பாப்பாரு. பாத்தாத்தானுங்க அந்தம்மா ஒரு கையில டம்ளரும் ஒரு கையில போனும் துண்டு முனையில சாவியும் முடிஞ்சுகிட்டுப் படற பாடு தெரியும். துணி வாங்கறவங்க மூஞ்சியே பாக்காம துணி தச்சு வித்தா, அது எந்த ஊரு யேவாரமுங்க?

அந்தப் பாடு எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னா, ஈரோட்டுச் செவ்வாக்கெழமைத் துணிச் சந்தைக்கு வேற ஆளு கெடைக்காம என்னை அனுப்ப ஆரம்பிச்சாங்க. மேசை போடறப்பப் பாருங்க, நல்ல நடுவழியில எடம் இருக்கும், அத உட்டுட்டு என்னை மட்டும் மரத்து நெழல்ல ஓரமா ஒதுக்கி உக்கார வெச்சுட்டு, அவரு வெயில்ல நின்னுக்குவாரு. எனக்கு எத்தன அவமானம். ஆனா அதுவும் நல்லதுக்குத்தான், நெழலுக்கு நாலு பொம்பளைங்க வந்து நின்னு நாயம் பேசுவாங்க. துணியத் தொட்டுப் பாப்பாங்க, தோளு மேல வெச்சுப் பாப்பாங்க, ஜிப்ப இழுத்துப் பாப்பாங்க, கடைசியில ஒரு பாக்கெட் இருந்தா எடுத்திருப்பேன்க்கான்னு சொல்லிட்டு நடையக் கட்டிருவாங்க. ஒருத்தி சொன்னா பரவால்ல. வர்றவ போறவ எல்லாம் அதையே சொல்றா. சீலைன்னா முந்தானை இருக்குது, முடிஞ்சுக்கலாம். ரவிக்கைன்னா பர்ச உள்ள செருகிக்கலாம். நைட்டிக்கு என்னங்க இருக்குது? மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே குழாய்.

வாங்கறவங்க வாயிலதானுங்க மகாலட்சுமி குடியிருக்கறா. அவங்க ஒரு வார்த்த கொறை சொன்னா, நமக்கு ஓசியில வேலை கத்துக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். கொறை சொல்லாமப் போறவதான் திரும்பி வர மாட்டா. நான் பள்ளிக்கூடத்துல பாதியில நின்னவ, எனக்கே இது தெரியுது.

என்னங்க? ஜன்னலா? காத்து வரட்டும், அது கெடக்குது. கேளுங்க.

இத நான் மச்சாண்டாருகிட்டச் சொல்லோணுமே. என்ற வூட்டுக்காரருகிட்டச் சொன்னேன், போயி உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்கன்னு. அவரப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். தங்கமான மனுசன், ஆனா எதச் சொல்லி அனுப்பினாலும் பாதிதான் போய்ச் சேரும். கத்திரிக்காயும் கருவாடும் வாங்கியாங்கன்னா கருவேப்பிலையோட வருவாரு. நான் மூச்சு முட்ட முட்ட முந்தானையச் சொன்னேன், சாவியச் சொன்னேன், சந்தையில போன பொம்பளைங்களச் சொன்னேன். எல்லாத்துக்கும் ம்ம்ன்னாரு. மக்யா நாள் கேட்டா, சொல்லியாச்சு, நைட்டிக்கு எதுக்குப் பாக்கெட்டுன்னு அண்ணன் கேக்கறாருன்னாரு. அவ்வளவுதான். செவிடன் காதுல ஊதுன சங்கு.

செவுத்துகிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. சொல்லலாமுங்க. பாக்கெட்டுன்னு சொல்லிப்போடலாம், எங்கன்னு சொல்லோணுமல்ல? இடுப்புகிட்டன்னு சொல்லோணும். இடுப்புங்கற வார்த்தைய மச்சாண்டாரு காதுல உழுகறாப்பல எப்பிடிங்க சொல்றது? வாய் கூசாது? அந்த ஒரு வார்த்தைக்காக நான் கம்முனு இருந்துட்டேன்.

கம்முனு இருந்தா சரக்கு வித்துருமா? விக்கலீங்க. பரண் நெறைய மூட்டை, கட்டலுக்கு அடியில மூட்டை, சாமி படத்துக்கு முன்னால மட்டுந்தான் எடம் பாக்கி. ஆயித பூசைக்கு முந்தி ஒரு நாளு என்ற வூட்டுக்காரரு வந்து மொகஞ் செத்து உக்காந்தாரு. அண்ணன் முடிவு பண்ணிட்டாரு, இந்தத் தீவாளிச் சரக்கு போகலீன்னா மிசினையெல்லாம் யேவாரிக்குத் தள்ளி உட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் பொழப்பப் பாத்துக்கலாம்ன்னாரு, நாம திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில சேந்துக்கோணும், அப்பிடின்னாரு. ஒத்த ரூமுல வாடகைக்கு இருந்துட்டு, இவரு ஒரு சிப்டு நான் ஒரு சிப்டு, புள்ளைங்கள யாரு பாக்கறது? அந்தாளும் இங்க ஒண்டிக்கட்டையா என்னத்த ஆக்கித் திம்பாரு? வெந்நி வெக்கக்கூடத் தெரியாது. எனக்கென்ன வந்துது, தின்னா தின்னுட்டுப் போறாரு, இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அன்னைக்கு எனக்கு ரோசம் வந்துருச்சு. சோறு போடற நேரம், அவரு கூடத்துல உக்காந்திருக்காரு, நான் செவுத்தப் பாத்து நின்னு சொன்னேன். வாங்கறவங்க பாக்கெட் கேக்கறாங்க, கேக்கறதத் தைக்காம நம்ம இஷ்டத்துக்குத் தச்சா நாமளே போட்டுட்டுத் திரிய வேண்டியதுதான்னேன். நெசமா அப்பிடியே சொன்னேனுங்க. சோத்துல இருந்த கை அப்பிடியே நின்னுது. எந்திரிச்சுப் போயிட்டாரு.

மக்யா நாளு என்ற வூட்டுக்காரரு ஓடியாந்து, அண்ணன் பாக்கெட் வெக்கச் சொல்லிட்டாருன்னாரு. எனக்குத் தலகால் புரியல. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன், தெருவுக்கே குடுத்தேன். எங்க வெக்கோணும்னு கேட்டாருங்களான்னேன். கேட்டாரு, சொல்லிட்டேன்னாரு. என்னன்னு சொன்னீங்கன்னேன். பாக்கெட் வெக்கற எடத்துலதான்னு சொன்னேன்னாரு. நானும் செரின்னு உட்டுட்டேன் பாருங்க, அங்கதான் கெரகம். அவரு பகல் முச்சூடும் கொட்டாயிலயே கெடந்தாரு, அவரு இருக்கற எடத்துக்கு நான் போக முடியாது. பழைய சரக்கு, புதுச் சரக்கு, எல்லாத்துக்கும் பாக்கெட் வெச்சு, கவர்ல போட்டு, மூட்டை கட்டி, வேன்ல ஏத்தியாச்சு. நான் ஒரு பீஸக்கூடப் பிரிச்சுப் பாக்கல.

தீவாளிக்கு முந்துன செவ்வாக்கெழமைங்க. சந்தையில கூட்டமுன்னா கூட்டம், எள்ளு போட்டா எள்ளு உழுகாது. என்ற வூட்டுக்காரரு வேன நிறுத்த எடந் தேடிப் போயிட்டாரு. மச்சாண்டாரு வழக்கம் போல வெயில்ல, நான் நெழல்ல. நான் நெஞ்ச நிமித்திகிட்டு வாங்க வாங்க, பாக்கெட் வெச்ச நைட்டின்னு கூவுறேன். நாலு பேரு ஒட்டுக்கா வந்தாங்க. ஒருத்தி கவரப் பிரிச்சு, விரிச்சு, அப்பிடியே தூக்கிப் புடிச்சா.

பாக்கெட் எடது மாருல இருக்குதுங்க. சட்டைக்கு வெக்கறாப்பலயே. பேனா சொருகறதுக்கு ஓரத்துல ஒரு தையல் வேற.

“ஏனுங்க்கா, இது கண்டக்டருக்குத் தச்ச நைட்டிங்களா?”ன்னா அவ.

அவ்வளவுதான். ஒருத்தி அத மேல வெச்சுப் பாத்துட்டு டிக்கெட் டிக்கெட்டுங்கறா. இன்னொருத்தி ரெண்டு ஈரோடுன்னு கை நீட்டறா. பக்கத்துக் கடைக்காரன் விசில் ஊதறான். சந்தையே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. சிரிக்கக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுப் பாத்தேன், என்னாலயும் முடியல, எனக்கும் வயிறு புண்ணாப் போச்சு. ஆம்பளைங்களுக்குப் பாக்கெட்டுன்னா அந்த ஒரே எடந்தானே தெரியும், பாவம். சிரிச்சு முடிச்சு நிமிந்து பாத்தா, மச்சாண்டாரு மேசை மேல இருந்த நைட்டிக் குமிய வெறிச்சுப் பாத்துட்டு நிக்கறாரு. காது ரெண்டும் செவந்து கெடக்குது. எனக்குச் சிரிப்பு அப்பிடியே அடங்கிப் போச்சுங்க. திருப்பூரு கண்ணு முன்னால வந்து நின்னுது.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். சிரிச்சாங்களே தவிர ஒருத்தியும் போகல. வாங்கறவங்க சிரிக்கறதும் ஒரு பேச்சுதானுங்க, காது குடுத்தா அதுக்குள்ள சேதி இருக்கும். கூட்டறதுக்குக் குனிஞ்சா போனு பொத்துன்னு உழுந்திருமேங்கறா ஒருத்தி. கொழந்தையத் தூக்கினா நெஞ்சுல சாவி குத்துமேங்கறா இன்னொருத்தி. இதையே கீழ வெச்சிருந்தா ரெண்டா எடுத்திருப்பனேங்கறா மூணாமத்தி. வேற கடைக்குப் போனவளும் திரும்பி வந்து நின்னு சொல்றா. எல்லாம் என்னைப் பாத்துத்தான் சொல்றாங்க. அவரு காதுலயும் உழுகுது.

நடுவுல ஆளு இல்ல பாருங்க. தம்பிக்காரரு வேனோட போயிட்டாரு. செவுரும் இல்ல, சந்தையில செவுத்துக்கு எங்க போறது? மச்சாண்டாரு தொண்டையச் செருமுனாரு. செருமிட்டு, அந்த நைட்டிக் குமியப் பாத்துச் சொல்றாரு.

“எங்க வெச்சா சிரிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா, பிரிச்சு வெச்சிரலாம்.”

நானும் அந்தக் குமியத்தான் பாத்தேன். இடுப்புகிட்டன்னேன். சத்தமே வரல. கூட்டத்துல கேக்கலன்னு அவரு காதக் கொஞ்சம் சாச்சாரு, அந்தத் துணி பேசறாப்பல. நான் கண்ண மூடிகிட்டு, இடுப்புகிட்டங்கன்னு கத்திட்டேன். அந்த வரிசையில இருந்த அத்தன கடைக்காரனும் திரும்பிப் பாத்தான். ஒரு பொம்பள வந்து, நீங்க ரெண்டு பேரும் யாருகிட்டங்க பேசறீங்கன்னு கேட்டுது.

அப்பொறம் நடந்ததுதானுங்க கூத்து. வெளிய வேப்பமரத்தடியில ஒருத்தரு ஆல்டர் பண்ற மிசின் போட்டு உக்காந்திருந்தாரு. மச்சாண்டாரு அவர எழுப்பி உட்டுட்டுத் தானே உக்காந்துட்டாரு. பிளேடு எடுத்து மாருல இருந்த பாக்கெட்டப் பிரிக்கறாரு, இடுப்புகிட்ட வெச்சு ஓட்டறாரு. மொத பீஸ எடுத்தவ, எனக்கு வலது பக்கம் வேணுமுங்கன்னா. அடுத்தவ எடது கைக்காரி. இவரு என்ன பண்றாரு, தலையத் தூக்காம, துணியப் பாத்துகிட்டே, எந்தப் பக்கமுங்கறாரு. போனு எத்தன பெருசுங்கறாரு. அவங்க போனக் குடுக்கறாங்க, வெச்சு அளந்து அந்த ஆழத்துக்குத் தைக்கறாரு. ஒருத்திக்கு ரெண்டு பாக்கெட். ஒரு டீச்சரு சாக்பீசுக்குத் தனியாக் கேட்டுது, பள்ளிக்கூடத்துக்கு நைட்டியா போட்டுட்டுப் போறீங்கன்னு கேக்கலாமல்ல, கேக்காமத் தச்சுக் குடுத்தாரு. ஒரு பெரியம்மா பொடி டப்பாவுக்கு உள்பக்கமா, மருமவளுக்குத் தெரியாத எடத்துல வெக்கோணும்னுது. அதுக்கும் செரிங்கன்னாரு. வரிசை கட்டி நிக்கறாங்கங்க. ரேசன் கடை தோத்துது. நான் பிரிக்கறேன், அவரு தைக்கறாரு, வேன நிறுத்திட்டு வந்த என்ற வூட்டுக்காரரு ஒண்ணும் புரியாம டீ வாங்கிக் குடுத்துட்டே இருக்காரு. ஒவ்வொருத்தியும் இது என் பாக்கெட்டுன்னு கைய உள்ள உட்டுப் பாத்துட்டுச் சிரிச்சுகிட்டே போறா. பொழுது எறங்கறதுக்குள்ள மூட்டைய ஒதறிப் பாத்தா நூல்தான் உழுகுது.

பஸ்ஸு சித்தோடு தாண்டிருச்சுங்களா? செரி, செரி, கடைசிதான்.

வூட்டுக்கு வந்தா பழையபடி கம்முனு சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுட்டாரு. வித்துது வித்துதுதான், ஆனா யேவாரிக்கு முன்னமே சொல்லி வெச்சாச்சே, வாக்கு வாக்குதானேன்னு எனக்கு உள்ள அடிச்சுகிட்டே இருக்குது. தான் புடிச்ச மொசலுக்கு மூணு காலுன்னு நிக்கற ஆளுங்க அவரு. புதங்கெழமை திருப்பூரு யேவாரி வண்டியோடயே வந்துட்டாரு. முன் ரூமுல உக்காந்து மிசின் எத்தன, மோட்டாரு எத்தனன்னு பேச்சு நடக்குது. நான் அடுப்படியில காப்பி கலக்கறேன், சக்கரை போட்டனா இல்லையான்னு தெரியல.

மச்சாண்டாரு சொல்றாரு, இருங்க, வூட்டுல கேட்டுட்டு வர்றேன்னு. தன்னைத்தான் கேக்கறாருன்னு என்ற வூட்டுக்காரரு எந்திரிச்சாரு. நீ உக்காருன்னு கை காட்டிட்டாரு. உள்ள யாருங்க இருக்கறா? நாந்தான் இருக்கறேன். நடந்து வர்ற சத்தம் கேக்குது. அடுப்படி வாசப்படிகிட்ட வந்து நின்னுட்டாரு. நான் எங்க போறது, பின்னால வழியும் இல்ல.

“கலாமணி”ன்னாருங்க.

நான் பின்னால திரும்பிப் பாத்தேன், எந்தக் கலாமணியக் கூப்பிடறாருன்னு. அடுப்புதான் இருக்குது.

“மிசினக் குடுத்தரலாமா, வெச்சுக்கலாமா? சந்தையில அவங்க சொல்றதக் கேக்கறவ நீதான். நீ சொல்லு.”

இந்த பஸ்ஸுல ஏறினதுல இருந்து உங்க காதப் புண்ணாக்கிட்டு வர்றனே, அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்த வரலீங்க. பாலு பொங்கி அடுப்புல வழியுது, அதப் பாத்துட்டே நிக்கறேன். அவரு நின்னுட்டே இருக்காரு. அவசரப்படுத்தல, போயிரவும் இல்ல. வெச்சுக்கலாமுங்கன்னேன். என்னன்னு மொற வெச்சுக் கூப்பிடறதுன்னுகூடத் தெரியல, இத்தன வருசத்துல கூப்பிட்டிருந்தாத்தானே. செரின்னு தலையாட்டிட்டுப் போனாரு. போயி யேவாரிகிட்ட என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க? எங்க வூட்டுல வேண்டாம்னுட்டாங்க, அப்பிடின்னாருங்க. னுட்டான்னு சொல்லல, மரியாதையா னுட்டாங்கன்னாரு.

யேவாரி வெறும் வண்டியத் திருப்பிட்டுப் போனான். நான் அடுப்படியில உக்காந்து அழுதேன், சிரிச்சேன், ரெண்டும் ஒட்டுக்கா வருது. என்ற வூட்டுக்காரரு வந்து என்னாச்சு என்னாச்சுங்கறாரு. அவருகிட்ட என்னத்தச் சொல்றது, பாதிதான் காதுல ஏறும். மிசின் போகாம வூட்டுலயே நின்னது சந்தோசந்தான், இல்லீங்கல. ஆனா என்ற பேரு அந்த மனுசனுக்குத் தெரியும்ங்கறதே எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரியும்.